அவசரம் இல்லக்கா

கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகர்ந்துக்கிடுங்க சார். இந்தக் கால் மடங்காது, நீட்டித்தான் வைக்கணும். போலியோ, ரெண்டு வயசுல வந்தது. கக்கத்துல வைக்கற கட்டை உங்க மேல சாயுதா? இந்தா, இப்படி வச்சுக்கிடுறேன். சாத்தூர் வரைக்கும்தான், இறங்கிருவேன்.

மூஞ்சியில என்னன்னு பாக்கறீங்களா? வெளக்குமாத்துக் குச்சி கீறினது. சிரிக்காதீங்க சார். எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது, இதுவரைக்கும் ஒரு பொம்பளை என்னை வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு விரட்டினதில்ல. இன்னைக்கு விரட்டிட்டா. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. கட்டையை ஊன்றி நான் எம்புட்டு வேகமா ஓட முடியும், நீங்களே சொல்லுங்க.

இன்னைக்குத் திங்களா? வியாழக்கிழமை அந்தம்மா மகள் திருச்சியில பிளைட் ஏறப்போகுது. முப்பிடாதின்னு பேரு, இருபத்திரண்டு வயசு, பி.காம் முடிச்சிருக்கு. ஏறுச்சுன்னா அந்தப் பிள்ளை திரும்பி வராது சார், எழுதியே தர்றேன். அதைச் சொல்லத்தான் போனேன். இல்ல, பொய் சொல்லக்கூடாது, வேற விசயமாப் போனேன். போன இடத்துல இது தெரிஞ்சது. இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். இல்லேன்னா உங்களுக்கும் நான் கிறுக்கனாத்தான் தெரிவேன்.

என் பேரு குருவையா. சாத்தூர்ல வந்து குருவையான்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. பூத்து அண்ணாச்சின்னு கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விடுவாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல எஸ்.டி.டி. பூத்து வச்சிருந்தேன். ஊனமுற்றோர் கோட்டாவுல கெடச்சது. பதினாறு வருசம் ஓட்டினேன். கண்ணாடிக் கூண்டுன்னு பேருதான், உள்ள பேசறது பூரா வெளிய கேக்கும். நான் என்ன, காதைப் பொத்திக்கிட்டா உக்கார முடியும்?

ஒரு லாரி டிரைவர் வருவான். பொண்டாட்டிக்குப் போன் போட்டு, "நாக்பூர்ல நிக்கேன், இங்க ஒரே மழை, டயர் பஞ்சர், பக்கத்துக் கடையில ரொட்டி தின்னேன், கூட ஒரு வெங்காயம் குடுத்தான்"னு சொல்லுவான். நிக்கறது என் பூத்துல. பொய் சொல்றவன் இருக்கான் பாருங்க, கேக்காததையெல்லாம் சேத்துச் சொல்லுவான். வெங்காயம் வரைக்கும் சொல்லுவான். மூச்சே வாங்க மாட்டான். உண்மையைச் சொல்றவன் அப்படி இல்ல. திக்குவான், நடுவுல நின்னுருவான், எச்சி முழுங்குவான். துபாய்ல இருக்கற புருசன்கிட்ட மாமியா செத்துப்போனதைச் சொன்ன பொம்பளையை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நாலு நிமிசத்துல ரெண்டு வார்த்தைதான் பேசினா. மீட்டர் ஓடுது, நான் நிறுத்திட்டேன். அப்படியெல்லாம் கேட்ட காது சார் இது.

செல்போன் வந்துச்சு, பூத்து போச்சு. அதே இடத்துல ஜெராக்ஸ், ரீசார்ஜ்னு உக்காந்தேன். அப்புறம்தான் இந்த ஏமாத்துப் போன் எல்லாம் வர ஆரம்பிச்சது. எங்க பக்கம் பூராவும் பட்டாசுக்குப் போற பொம்பளைங்க. மருந்துக் கையைக் கழுவிட்டு வந்து போனை எடுத்தா, "உங்க கரண்டு கனெக்சனை ராத்திரி கட் பண்ணப்போறோம்"பான் ஒருத்தன். "உங்க மகன் கஞ்சா கேஸ்ல மாட்டியிருக்கான், அம்பதாயிரம் அனுப்பினா விட்டுருவோம்"பான் இன்னொருத்தன். இதுகளுக்கு என்ன தெரியும்? போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு என் கடைக்கு ஓடியாரும். "அண்ணாச்சி, இது நெசமா? கேட்டுச் சொல்லுங்க."

நான் கேப்பேன். கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி போடுவேன். "சார், நீங்க எந்த ஊரு? உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுல உக்காந்தவன் சார் நான். ஊர்னு ஒண்ணு இருக்கறவனுக்குக் கடைசி பஸ் தெரியாம இருக்காது. இந்தக் களவாணிப் பயலுக திருதிருன்னு முழிப்பானுக. ஒருத்தன் இன்ஸ்பெக்டர்னு சொல்லி உறுமிக்கிட்டு இருந்தவன், பஸ்ஸைப் பத்திக் கேட்டதும் அம்மா அப்பன்னு திட்டிட்டு வச்சுட்டான். கடையே சிரிச்சது. பதினேழு பேர் காசைக் காப்பாத்தியிருக்கேன் சார். ஒத்தைப் பைசா வாங்கினதில்ல. ஒரு டீ, அதுவும் அவங்களா வாங்கிக் குடுத்தா. மகளிர் குழுக் கூட்டத்துல என்னைக் கூப்பிட்டு மாலை போட்டாங்க, சால்வையும் குடுத்தாங்க. இதெல்லாம் பெருமைக்குச் சொல்லல, விசயம் புரியணுமேன்னு சொல்றேன்.

சீனியம்மா கதைக்கு வர்றேன். சீனியம்மா எங்க தெரு. புருசனும் அவளும் ஒரே பட்டாசு ஆலையில ஒரே ஷெட்டுல வேலை. மூணு வருசத்துக்கு முன்ன வெடிச்சுச்சு. புருசன் அங்கயே போயிட்டான். இவளுக்கு உசுரு தப்பிச்சது, வலது கை போச்சு. கை இருக்கு சார், விரல் அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. பிள்ளைகுட்டி கெடையாது. நஷ்டஈடு, அது இதுன்னு சேத்து ஆறு லட்சம் வந்துச்சு. அதை பேங்க்ல டெபாசிட் போட்டா. மாசம் மூவாயிரத்துச் சொச்சம் வட்டி வரும். அந்த வட்டியிலதான் சோறு. வேற வேலை செய்ய அவளால முடியாது, ஒத்தைக் கையில என்ன செய்வா?

போன பங்குனியில ஒரு போன் வந்துச்சு. பேங்க் வட்டி கம்மி, ஷேர்ல போட்டா மாசம் இருபதாயிரம் கூட வரும், நாங்க சொல்லித் தர்றோம்னு. சீனியம்மா வழக்கம் போல என் கடைக்கு ஓடியாந்தா. ஓடியாந்தவளை உக்கார வச்சு, போனை நான் வாங்கிக்கிட்டேன். பேசினவன் பேரு விஷாலாம். மும்பை ஆபீஸாம். மும்பையாவது மண்ணாவதுன்னு நெனச்சுக்கிட்டு, "தம்பி, பேச்சு நம்ம பக்கமா இருக்கே, சொந்த ஊர் எது?"ன்னேன். அவன் பேசாம இருந்தான். எச்சி முழுங்கறது கேட்டுச்சு. "கோவில்பட்டிப் பக்கம் அண்ணாச்சி"ன்னான். உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குப்பான்னு போட்டேன். டக்குன்னு சொன்னான் சார். "ஒம்போதே காலுக்கு, எட்டு ஏ நம்பர் வண்டி. மழை பேஞ்சா வராது அண்ணாச்சி, தரைப்பாலத்துல தண்ணி ஏறிரும்." சொல்லும்போது குரல் ஒரு மாதிரி கம்முச்சு.

நான் போனைப் பொத்திக்கிட்டு சீனியம்மாகிட்ட சொன்னேன், "இவன் பொய் சொல்லல."

பொய் சொல்லலதானே சார்? அதுல என் காது தப்பு பண்ணல. அதை யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

அஞ்சாயிரம் போட்டா. ஆறு நாள்ல ஒம்பதாயிரமா அவ கணக்குக்கே திரும்பி வந்துச்சு. எனக்குக் கால் கிலோ காராச்சேவு வாங்கிக் குடுத்தா, சாத்தூர்க்காரனுக்கே சேவு வாங்கித் தர்றா பாருங்க, அவ்வளவு சந்தோசம். அப்புறம் டெபாசிட்டுல கொஞ்சத்தை எடுத்து அம்பதாயிரம் போட்டா. போன்ல ஒரு ஆப்பு இருக்கும், அதுல எண்பத்திரண்டாயிரம்னு காமிச்சது. அந்தப் பையன் தினம் கூப்பிடுவான். என் கடையில வச்சுத்தான் பேசுவா. ஒரு நாள் அவன் எழுதி வச்சதைப் படிக்கறவன் மாதிரி, "மேடம், இந்த வாரம் முழுத்தொகையும் போட்டா ரெண்டு மடங்கு"ன்னு கடகடன்னு சொன்னான். சொல்லிட்டு நிறுத்தினான். அப்புறம் குரலை இறக்கி, "அவசரம் இல்லக்கா. சாப்பாட்டுக்கு வச்சிருக்கற காசைப் போடாதீங்க"ன்னான்.

அப்போ பின்னாடி பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மேசை மேல யாரோ பைலைத் தூக்கிப் போடறாங்கன்னு நெனச்சேன். யாரோ என்னமோ பாஷையில கத்தினான். இவன், "ஓகே மேடம், ஓகே மேடம்"னு வச்சுட்டான்.

சீனியம்மா என் மூஞ்சியைப் பாத்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா, ஏமாத்தறவன் எவனாவது காசைப் போடாதேன்னு சொல்லுவானா? இவன் தங்கமான பய. முழுசையும் போடு"ன்னேன்.

"முழுசாவா அண்ணாச்சி?"ன்னா.

முழுசான்னு சொன்னேன்.

டெபாசிட்டை உடைக்க நானும்தான் கூடப் போனேன். அந்த பேங்க் மேடம் நல்ல மாதிரி. ஒட்டின கையைப் பாத்துட்டு, "எதுக்கும்மா மொத்தமா எடுக்கறீங்க? யாராவது போன்ல சொன்னாங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. சீனியம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பேங்க்ல தடுப்பாங்க, டெபாசிட் போயிருமேன்னு பயப்படுவாங்க, கல்யாணச் செலவுன்னு சொல்லுங்கன்னு விஷால் ஏற்கனவே சொல்லியிருந்தான். அவளுக்குச் சொல்ல வரல. நான் சொன்னேன். "தம்பி கல்யாணம் மேடம். பொண்ணு வீடு விருதுநகர். சத்திரத்துக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் கேக்கறான். சமையலுக்கு ஆள் பாத்தாச்சு, சாம்பாருக்கு முருங்கைக்காய் விலைதான் இடிக்குது." என் குரல்ல ஒரு ஆட்டம் இல்ல. மேடம் நம்பிட்டாங்க. அவங்களுக்கு ஆள் குரலைப் பாத்து எடை போடத் தெரியல சார், பாவம், சின்ன வயசு.

இடது கையால ரேகை வச்சா சீனியம்மா. அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம் போச்சு. நாலாம் நாள் எடுக்கலாம்னு பாத்தா, வரி கட்டினாத்தான் எடுக்க முடியும், இன்னும் எண்பதாயிரம் போடுன்னு வந்துச்சு. விஷால் நம்பர் ஸ்விட்ச் ஆப். ஆப்பும் திறக்கல.

போலீஸுக்குப் போனோம். அங்க ஒரு எஸ்.ஐ. அம்மா பொறுமையா எழுதி வாங்கிக்கிட்டாங்க. மொத நாளே ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்லியிருந்தா நிறுத்தப் பாத்திருக்கலாம், இப்ப காசு நாப்பது கணக்கு மாறிப் போயிருக்கும்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. பேசறவன்ல பாதிப் பேரு நம்ம ஊர்ப் பிள்ளைங்கதானாம். கம்ப்யூட்டர் வேலைன்னு வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, ஆளைக் கட்டடத்துக்குள்ள அடைச்சு இப்படிப் பேச வைக்கறானாம். பேசலேன்னா அடியாம், கரண்டு ஷாக்காம். எனக்கு அந்தப் பட்டுன்னு கேட்ட சத்தம் ஞாபகம் வந்துச்சு. ஜீப்புச் சத்தம், டைப்படிக்கற சத்தம், அந்தப் பக்கம் சீனியம்மா மூக்கை உறிஞ்சற சத்தம். உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்.

அவ இப்ப ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவறா. ஒத்தைக் கையில கழுவறதால பாதிச் சம்பளம். என்கிட்டப் பேசி நாலு மாசமாச்சு. திட்டவும் இல்ல சார். ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கடை வாசல் வழியாத்தான் போறா, தலையைத் திருப்பாம போறா. மத்த பொம்பளைங்களும் வர்றதில்ல. போன் வந்தா அவங்களே எடுக்கறாங்க, அவங்களே ஏமாறுறாங்க. போன வாரம் ஒருத்தி பன்னெண்டாயிரத்தை விட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? கேக்கல. பதினேழு பேரைக் காப்பாத்தினது யாருக்கும் ஞாபகமில்ல. அது எனக்குப் பொறுக்கல சார். அந்தப் பய வீட்டைக் கண்டுபிடிச்சு, அவன் ஆத்தா அப்பனை நாலு கேள்வி கேட்டு, காசுல பாதியையாவது வாங்கிட்டு வந்து சீனியம்மா வீட்டு வாசல்ல வச்சாத்தான் எனக்குத் தூக்கம்னு கெளம்பிட்டேன்.

ஊரை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேளுங்க. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் காலையில போயி, டைம்கீப்பர்கிட்ட, "ஒம்போதே காலுக்கு எட்டு ஏ எந்த ஊருக்குண்ணே? மழை பேஞ்சா போகாதாமே?"ன்னு கேட்டேன். "நல்லாம்பட்டி"ன்னாரு. அடுத்த வண்டியில ஏறிட்டேன். அங்க டீக்கடையில, வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பையன் வீடு எதுன்னு கேட்டா ஒரே வீட்டைத்தான் காமிச்சாங்க. உலகம்மா வீடு. மகன் பேரு சுடலைமணி. விஷாலும் இல்ல, மும்பையும் இல்ல. புருசன் கெடையாது, அந்தம்மா ஆடு மேய்ச்சுப் படிக்க வச்சிருக்கா. பழைய ஓட்டு வீட்டுக்கு முன்னாடி புதுசா ஒரு ரூமுக்குத் தளம் போட்டிருக்கு, கம்பி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது.

அந்தக் கம்பியைப் பாத்ததும் எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. சீனியம்மா சோத்துலதானே இந்தத் தளம் போட்டிருக்கான்? வாசல்ல நின்னே கத்தினேன். "ஏ உலகம்மா, வெளிய வா. உன் மகன் களவாணி. கை இல்லாதவ காசைத் திருடித்தான் உனக்கு வீடு கட்டறான்." தெருவே கூடிருச்சு. இன்னும் என்னென்னமோ சொன்னேன், உங்ககிட்டச் சொல்ல முடியாது. எனக்கும் கோபம் வராதா சார்? நாலு மாசமா அடக்கி வச்சது.

அந்தம்மா பதிலுக்குச் சண்டைக்கு வரல. அதுதான் ஆச்சரியம். என் காலைப் பாத்துட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டாந்து போட்டு, செம்புல தண்ணி குடுத்தா. "யார்கிட்ட ஏமாந்துட்டு எங்க வந்து கத்தறீங்க? என் மகன் மாசம் பன்னெண்டாயிரம் அனுப்பறான், கம்பெனியில டேட்டா என்ட்ரி. நீங்களே அவன் குரலைக் கேளுங்க. திருடற குரலா இது?"ன்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை வந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டா.

அவனேதான். சத்தியமா அவனேதான். "அம்மா, நான் நல்லா இருக்கேன். இங்க மூணு வேளையும் சோறு. ஏசி ரூம். ஞாயித்துக்கிழமை சிக்கன்"னு கடகடன்னு சொல்றான். "நம்ம முப்பிடாதியையும் அனுப்பி விடும்மா. தமிழ் பேசற பொம்பளைப் பிள்ளைங்க வேணுமாம். டிக்கெட் கம்பெனியே போட்டுருச்சு, வியாழக்கிழமை"ன்னான். சொல்லிட்டு நிறுத்தினான். எச்சி முழுங்கினான். "அவசரம் இல்லம்மா. அவளுக்கு இஷ்டம் இல்லேன்னா வேணாம்."

செம்பு கைநழுவித் தண்ணி மடியில கொட்டிருச்சு. அந்தப் பையனால அவ்வளவுதான் சொல்ல முடியும். பக்கத்துல ஒருத்தன் கம்போட நிக்கறான், அவன் முன்னாடி அவ்வளவுதான் சொல்ல முடியும். சீனியம்மாவுக்கும் அதைத்தான் சொன்னான். நான்தான் போடுன்னேன்.

உலகம்மா போனை அணைச்சுட்டு, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "பாத்தீங்களா, கட்டாயமே படுத்தல. இஷ்டம் இல்லேன்னா வேணாங்கறான். தங்கமான பிள்ளை"ன்னா. நான் சொன்ன அதே வார்த்தை சார்.

நான் எந்திரிச்சு நின்னேன். "அம்மா, பிள்ளையை அனுப்பாதீங்க. அங்க அடிக்கறாங்க. உங்க மகன் அடி வாங்கிக்கிட்டுப் பேசறான். வராதேன்னுதான் சொல்றான். எனக்குத் தெரியும், நான் பதினாறு வருசம் பூத்துல உக்காந்தவன், எனக்குக் குரல் தெரியும்"னேன். அப்பத்தான் அந்தம்மாவுக்குக் கோபம் வந்துச்சு. "பத்து நிமிசத்துக்கு முன்னாடி என் மகன் களவாணின்னே. ஊரைக் கூட்டிக் கத்தினே. இப்ப அடி வாங்கறான்ங்கறே. எதுய்யா உண்மை? பணம் வராதுன்னதும் எங்க பொழப்புல மண்ணைப் போடப் பாக்கறியா?"

ரெண்டும் உண்மைதான்னேன். கூட்டத்துல எவனோ சிரிச்சான்.

முப்பிடாதி நிலைப்படியில நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஒல்லியா, உசரமா. ஜவுளிக்கடையில வேலையாம், நாள் பூரா நின்னு கணுக்கால் வீங்கியிருக்கு. அதுகிட்டக் கெஞ்சினேன். "ஆத்தா, நீ படிச்ச பிள்ளை. ஒரு வாரம் தள்ளிப் போடு. உங்கண்ணனை வீடியோவுல வரச் சொல்லு, சட்டையைக் கழட்டி முதுகைக் காமிக்கச் சொல்லு." அது என்னை ஏற இறங்கப் பாத்துட்டுச் சொல்லுச்சு, "எங்கண்ணன் என்னைக் கெடுக்கறதுக்குக் கூப்பிடுவானாய்யா? எனக்குக் காய்ச்சல் வந்தாலே அழுவான்." அப்புறம் உள்ள போயி பெட்டிக்கு ஜிப்புப் போட்டுச்சு. சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

முதுகைக் காமிக்கச் சொல்லுன்னு வயசுப் பிள்ளைகிட்ட என்ன பேச்சுடான்னுதான் அந்தம்மா வெளக்குமாத்தை எடுத்தா. அது என் தப்புதான். அவசரத்துல வாயில வந்துருச்சு.

அங்கருந்து நேரா போலீஸுக்குத்தான் போனேன், போகாம இல்ல. ஸ்டேஷன்ல இருந்த ஏட்டு நல்லாத்தான் பேசினாரு. "பொண்ணு மேஜர். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. பெத்தவங்க எழுதிக் குடுத்தா உடனே பாக்கலாம். நீங்க யாரு, சித்தப்பாவா, மாமாவா?"ன்னாரு. நான் யாரு சார்? அந்தம்மா மகனை நம்பி இன்னொருத்தி சோத்தைத் தொலைச்சவன்னு சொல்லவா? எழுதி வச்சுக்கிடுறேன், விசாரிக்கறேன்னாரு. எழுதவும் செஞ்சாரு. ஆனா வியாழக்கிழமைக்கு நடுவுல ரெண்டே நாள்தான் கெடக்கு.

சாத்தூர் வர இன்னும் பத்து நிமிசம் இருக்குமா?

ஒண்ணு கேக்கவா சார்? தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க செல்லுல இருந்து ஒரு போன் போடுவீங்களா? அந்தம்மா நம்பரை டீக்கடைக்காரர்கிட்ட வாங்கி வச்சிருக்கேன். நான் பஸ் ஸ்டாண்டுல இருந்து மூணு தடவை போட்டேன், என் குரலைக் கேட்டதும் வச்சுட்டா, இப்ப பிளாக் பண்ணிட்டா. உங்க குரல் நல்லா நிதானமா இருக்கு. படிச்சவர் குரல். பெருசா ஒண்ணும் பேச வேணாம். "உலகம்மாங்களா? உங்க மகளை வியாழக்கிழமை அனுப்பாதீங்க. அங்க பிள்ளைங்களைப் பூட்டி வச்சு அடிக்கறாங்க. போலீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க." அவ்வளவுதான். என் பேரைச் சொல்லிராதீங்க.

தொண்ணூத்தி நாலு... ஆமா... அம்பத்தி ஆறு... கடைசியில ரெண்டு பூஜ்யம். ஸ்பீக்கர்ல போட வேணாம் சார், பஸ் சத்தத்துல கேக்காது. காதுல வச்சே பேசுங்க.

ரிங் போகுதா? எடுத்துட்டாளா? சொல்லுங்க, சொல்லுங்க. மெதுவா. ஆமா, உங்க பேரைச் சொல்லுங்க. அப்படித்தான்.

என்ன சார்? வச்சுட்டாளா? முழுசாக் கேட்டாளா இல்லையா? என்னதான் சொன்னா, அப்படியே சொல்லுங்க.

"தெரியாத நம்பர்ல இருந்து யாராவது போன் பண்ணிப் பயமுறுத்துவாங்க, எல்லாம் ஏமாத்துக்காரங்க, உடனே வச்சிரும்மான்னு என் மகன் சொல்லியிருக்கான்"னாளா?

சரிதான். சரியாத்தான் சொல்லியிருக்கான். நானும் எங்க தெருப் பொம்பளைங்களுக்கு அப்படித்தானே சொல்லியிருப்பேன்.

இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார். போகலையா? உங்களையும் பிளாக் பண்ணிட்டா. சரி விடுங்க, உங்க மேல தப்பில்ல, நீங்க நல்லாத்தான் பேசினீங்க. முன் சீட்டுல ஒரு அக்கா உக்காந்திருக்காங்க பாருங்க, மடியில போன் வச்சிருக்காங்க. பொம்பளைக் குரல்னா ஒரு நிமிசம் நின்னு கேப்பா. எனக்கு எட்டாது, நீங்க கொஞ்சம் அவங்க தோளைத் தட்டிக் கேளுங்க சார்.